பை வச்ச வலையும் அஞ்சு பேர் பந்துக் கூட்டமும்

குசினியில வெங்காயம் போட்டுத் தொங்கவிட்டிருக்கிறன் எல்லோ ஒரு நீட்டு வலை, அது வெங்காயத்துக்கெண்டு பின்னினதில்ல. பாஸ்கற்போலுக்குப் பின்னினது. இதைச் சொன்னால் என்ர பேத்தி விழுந்து விழுந்து சிரிக்கிறாள். அவளவை பள்ளிக்கூடத்தில விளையாடுற வளையத்தில தொங்கிற வலை ரெண்டு சாண்தான் இருக்குமாம், அடியும் திறந்திருக்குமாம். இது என்ர நெஞ்சு உயரம், அடியில கயிறு வேற. எனக்கு எழுத்து வராது. கையெழுத்துக் கேட்டால் குருசு கீறுவன். அதால நான் சொல்லுறன், அவள் எழுதுறாள். சிரிக்காமல் எழுது பிள்ளை, எழுத்துக் கோணப் போகுது.

வெள்ளைக்காரன் ஆண்ட காலம் அது. நான் பிறந்தது பாப்பாமோட்டையில. வயலும் மாடும் குளமும்தான் எனக்குத் தெரியும். கலியாணம் கட்டிப் பேசாலைக்கு வந்த அண்டைக்குத்தான் கடலுக்குக் கிட்டப் போய் நிண்டு பாத்தனான். முதல் கிழமை முழுக்க மூக்கைச் சீலையால பொத்திக்கொண்டு திரிஞ்சன். கருவாடு காயிற மணம் எனக்குப் பழக்கமில்ல. இப்ப அந்த மணம் இல்லாட்டி நித்திரை வராது, அது வேற கதை.

என்ர மனிசனுக்குத் தாயும் இல்ல, தகப்பனும் இல்ல. கடற்கரையோரத்தில ஒரு கிடுகு வீடு, ரெண்டு பானை, ஒரு பெட்டி, அவர். அவர் நல்ல உயரம். வேலிப் படலைக்குள்ளால வரேக்க குனிஞ்சுதான் வருவார். இடக்கைக்காரர். கரையில நிண்டு இழுக்கிற கரைவலைக்குப் போறவர். பகல் முழுக்க நான் தனிய இருந்து வேலியை எண்ணுறதைக் கண்டிட்டு, வலை ஊசியைத் தந்து பக்கத்தில இருத்திப் பின்னப் பழக்கினார். அவர் இடக்கையால எப்பிடி முடிச்சுப் போட்டாரோ அப்பிடியே நானும் பழகினன். என்ர கை வலக்கை, முடிச்சு இடக்கை முடிச்சு! கரையில வலை தைக்கிற பொம்பிளையள் கண்டிட்டு விடுவினமோ?

"பாப்பாமோட்டையில மாடும் பின்பக்கமாத்தான் நடக்குமோடி?" எண்டுவினம்.

எனக்கு அழுகை வரும். ஆனாலும் ஒண்டு. அந்தக் கரையிலேயே இடக்கை முடிச்சுப் போடுற ஆக்கள் ரெண்டே ரெண்டு பேர்தான், அவரும் நானும். அவர் நூலைப் பல்லால கடிச்சு அறுப்பார், வால் நீட்டா நிக்கும். நான் கத்தியால ஒட்ட அறுப்பன். அதால எது அவற்ர முடிச்சு, எது என்ர முடிச்செண்டு எனக்குத் தொட்டாலே தெரியும். இதை ஞாபகம் வச்சிருங்கோ.

இனிப் பந்துக்கு வாறன். எங்கட பக்கத்தில கருவாடு வாங்கிக் கொழும்புக்கு அனுப்புற ஒரு முதலாளி இருந்தவர். சோனகர், நல்ல மனிசன், தொப்பி போட்டுத் தாடி வச்சவர். அவர் ஒருக்காக் கொழும்பில பாஸ்கற்போல் எண்ட விளையாட்டைப் பாத்திட்டு வந்து விசர் பிடிச்சவர் மாதிரித் திரிஞ்சார். கம்பத்தின்ர உச்சியில ஒரு வளையம், அதுக்குள்ள பந்தைப் போட வேணுமாம், சனம் அதைப் பாக்க முண்டியடிக்குதாம். சனம் கூடுற இடத்தில கருவாடு விக்கலாம் எண்டது அவற்ர யோசினை. கரையில உயரமான அஞ்சு பேரைத் தெரிஞ்செடுத்தார். ஒரு அண்ணனும் தம்பியும், ஒரு சுருட்டுக்காரன், சதா பாடிக்கொண்டு திரியிற ஒருத்தன், அஞ்சாவது என்ர மனிசன்.

கடலுக்குப் போகாட்டி வீட்டில அடுப்பு எரியாதே. அதால கரைவலையில இழுக்கிறவனுக்குப் பங்கு குடுக்கிற மாதிரி, விளையாடுற நாளுக்கும் பங்கு குடுக்கிறன் எண்டார் முதலாளி. அந்தக் காலத்தில விளையாடிச் சம்பாதிக்கிறது எண்டதை ஆர் கேள்விப்பட்டது? பள்ளிக்கூடப் பெடியளும் கந்தோரில எழுத்து வேலை பாக்கிற ஐயாமாரும்தான் விளையாடுவினம், அதுவும் சும்மா. எங்கட அஞ்சு பேரும்தான் இந்தத் தீவில கூலிக்குப் பந்து போட்ட முதல் ஆக்கள். வேற ஆரும் எண்டு ஆரும் சொன்னால் என்னட்டக் கூட்டிக்கொண்டு வாங்கோ.

தலைமன்னார்த் துறைமுகக் கந்தோர் ஆக்களும் ஒரு கூட்டம் வச்சிருந்தவை. வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. அவையில ஒருத்தர் என்ர மனிசனைக் கண்டு, "கூலிப்பந்து வருது, கூலிப்பந்து" எண்டாராம்.

"ஐயா கந்தோர்க் கதிரையில சம்பளம் வாங்காமலோ இருக்கிறியள்?" எண்டு இவர் கேட்டாராம்.

எங்கட ஆக்களுக்குச் சப்பாத்து இல்ல. மாச்சாக்கை வெட்டிப் பெனியன் தைச்சு, வலைக்குச் சாயம் ஏத்தப் பட்டை அவிக்கிற கிடாரத்திலயே தோய்ச்சு எடுத்தம். நல்ல செங்காவி நிறம். அதில ஒண்டைக் கழுதை திண்டிட்டுது. எங்கட ஊர்க் கழுதையளுக்கு வெக்கம் இல்ல. கொடியில கிடக்கிறதெல்லாம் தங்கட எண்ட நினைப்பு. அந்தச் சுருட்டுக்காரன் முதல் விளையாட்டுக்கு அரைப் பெனியனோடதான் போனவன்.

வளையத்துக்கு வலை பின்னுற வேலை எனக்கு வந்தது. முதலாளி வாசலில நிண்டு, "மகள், பந்து வந்து விழுறதுக்கு ஒரு வலை. இந்த வாயளவு" எண்டு கையால வட்டம் காட்டினார். நான் அந்த விளையாட்டைக் கண்ணாலயும் கண்டதில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரே வலை கரைவலையின்ர மடிதான், மீன் வந்து நிறையிற அந்தப் பை. விழுந்தது வெளியில போனால் பிறகென்ன வலை? நான் நல்ல இறுக்கமா, ஒரு முழ நீளத்தில, அடியை மூடி ரெண்டு பை பின்னிக் குடுத்தன்.

அடம்பனில சந்தை நாள்தான் முதல் விளையாட்டு. பந்து விழுந்தது. விழுந்து உள்ளயே இருந்திட்டுது! ஒருத்தனும் விளங்காமல் அண்ணாந்து பாத்துக்கொண்டு நிண்டவையாம். பிறகு தம்பிக்காரன் அண்ணன்ர தோளில ஏறி எடுத்தவனாம். ஒவ்வொரு முறையும் அப்பிடித்தான். இவர் வந்து சொல்லேக்க எனக்குப் பூமி பிளந்தால் உள்ள போயிடுவன் போல இருந்தது. ஆனால் முதலாளிக்குச் சந்தோசம். பந்து பையில தொங்கிறதைப் பின்னுக்கு நிண்ட சனமும் கண்டதாம், விழுந்ததோ விழேல்லயோ எண்டு ஒரு சண்டையும் இல்லயாம். அதால "மகள், பை இருக்கட்டும், எடுக்கிறதுக்கு ஒரு வழி செய்" எண்டார். நான் அடியைத் திறந்து, அந்தக் கண்ணுகளுக்குள்ளால ஒரு கயிறு கோத்து, வளையத்தால எடுத்துக் கம்பத்தடிக்கு விட்டன். கயிறை இழுத்துப் பிடிச்சால் பை மூடும், விட்டால் திறந்து பந்து விழும். கம்பத்துக்கு ஒராள் நிண்டு பிடிக்க வேணும். அதோட எங்கட ஆக்கள் போற இடமெல்லாம் ஒரு சட்டமும் வந்திட்டுது: பந்து பையில நிண்டால்தான் கணக்கில சேரும்.

பிறகு அவை போகத் தொடங்கிச்சினம். மன்னார், முருங்கன், மதவாச்சி, அனுராதபுரம் எண்டு றெயில் போற பக்கமெல்லாம். ரெண்டு நாள் எண்டு போறது பத்து நாள் ஆகும். நான் அந்தக் கிடுகு வீட்டில தனிய. அயலட்டையில கதைக்க ஆக்கள் இருந்தவை, இல்லை எண்டு சொல்லேல்ல. ஆனால் நான் பாப்பாமோட்டையாள், அவை பேசாலை ஆக்கள், அது கதையில தெரியும். ஒருத்திக்குச் சோறு காய்ச்சுறது மாதிரிக் கரைச்சல் வேறொண்டும் இல்ல பாருங்கோ. ஒரு சிரட்டை அரிசி போட்டாலும் மிஞ்சும். மிஞ்சினதைக் காகத்துக்குப் போட்டுப் போட்டு, கடைசியில அந்தக் காகத்தோட கதைக்கத் தொடங்கினன். அதுக்கு ஒற்றைக் கண். நல்லாக் கேட்டுக்கொண்டிருக்கும்.

அவருக்கும் எழுத்து வராது, எனக்கும் வராது. ஆனால் கிழிஞ்ச வலையளைச் சுருட்டி றெயிலில கொடி காட்டுற காட் ஐயாவிட்டக் குடுத்துவிடுவினம், நான் ஸ்ரேசனில போய் வாங்கித் தைச்சு அடுத்த றெயிலில அனுப்புவன். வலையைக் கையில வாங்கினவுடன நான் பாக்கிறது கிழிசலை இல்ல, முடிச்சை. அவசரத்துக்கு அவர் தன்ர கையால போட்டிருப்பார், இடக்கை முடிச்சு, வால் நீட்டு. அதைத் தொட்டால், சரி, ஆள் சுகமா இருக்குது. ரெண்டு மூண்டு இருந்தால் கனக்கப் பந்து விழுந்திருக்குது, சந்தோசமா இருக்குது. ஒண்டும் இல்லாமல் ஒரு வலை வந்தால் அந்தக் கிழமை எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வால்களை நான் ஒரு நாளும் அறுத்ததில்ல.

இப்பிடி இருக்கேக்கதான் முதலாளி அந்தக் கதையைக் கொண்டு வந்தார். எங்கட கோயில் திருவிழாவுக்கு அடுத்த நாள் பேசாலைக் கரையிலயே துறைமுகக் கந்தோர்க் கூட்டத்தோட ஒரு விளையாட்டு. வெண்டால் கப்பலேறி அக்கரைக்கு, இந்தியாவுக்கு, ஒரு வருசம் ஊர் ஊராப் போறது. தோத்தாலோ சரிக்குச் சரியா நிண்டாலோ கூட்டத்தைக் கலைச்சுப்போட்டு எல்லாரும் பழையபடி கரைவலைக்கு. "இன்ஷா அல்லாஹ் வெல்லுவம்" எண்டார். என்ர மனிசனும் ஓம் எண்டு தலையாட்டினார். நான் உள்ள நிண்டு மாதாவே, தோக்க வேணும், தோக்க வேணும் எண்டு கேட்டன். ஊர் முழுக்க வெல்லக் கேட்க, நான் ஒருத்தி மட்டும் தோக்கக் கேட்டன். அந்த மாதா என்னதான் செய்வா பாவம்!

அந்த நாள் சோளகக் காத்து எண்டால் ஒரு காத்து. பந்து கடலுக்குப் போகாமல் இருக்கப் பழைய கரைவலையளைப் பனங்குத்தியளில கட்டிச் சுத்திவரப் போட்டினம். சனம் வலைக்கு வெளியில, விளையாடுற ஆக்கள் உள்ள. கொண்டுவந்து அடைச்ச மீன் மாதிரி இருந்தது. வழமையாக் கயிறு பிடிக்கிறவன் முதலாளியின்ர வண்டில்காரன், அவனுக்கு முதல் நாள் திருக்கை முள்ளுக் குத்திக் கால் பானை மாதிரி வீங்கிட்டுது. முதலாளி அங்க இஞ்ச பாத்திட்டு, "மகள், பின்னினது நீதானே. நீயே வந்து பிடி" எண்டார்.

அப்பிடித்தான் நான் அந்த விளையாட்டை முதல் முதல் பாத்தனான், உள்ளுக்க நிண்டு.

எனக்குத் தெரியாதே அவர் அப்பிடிப் பாய்வார் எண்டு! வீட்டில படலைக்குக் குனியிற மனிசன். இஞ்ச, காத்துக்குள்ள எழும்பி ஒரு கணம் நிண்டிட்டெல்லோ இறங்குறார். இடக்கை மேல போகுது, பந்து போகுது, பை குலுங்குது. என்ர பை! சனம் கத்துது. முந்திப் பகிடி பண்ணின அதே பொம்பிளையள் வலைக்கு வெளியில நிண்டு, "எடியே பாப்பாமோட்டை, இறுக்கிப் பிடியடி" எண்டு கத்தினவை. நானும் இழுத்துப் பிடிக்கிறன், நடுவரா நிண்ட மாஸ்ரர் விசில் அடிக்க விடுறன், பந்து விழுது, திரும்ப இழுக்கிறன். உள்ளங்கை எரியுது. எனக்கு அப்பிடியொரு சந்தோசம் அதுக்கு முன்னம் இருந்ததில்ல. தோக்க வேணும் எண்டு கேட்டதையும் மறந்திட்டன்.

முடியிற நேரம் ரெண்டு பக்கமும் சரிக்குச் சரி. கடைசிப் பந்து இவற்ர கைக்கு வந்தது. அப்ப எனக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. கப்பல், ஒரு வருசம், ஒற்றைக் கண் காகம். இவர் எழும்பினார். நான் பாத்துக்கொண்டு நிண்டன். பந்து வளையத்துக்குள்ளால நேரா வந்து, நேரா மண்ணில விழுந்தது. பை திறந்து கிடந்தது. கயிறு என்ர கையில தொய்ஞ்சு கிடந்தது.

நான் விட்டனோ, கை தானா விட்டுதோ, இண்டைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. கோயில் சுவாமியிட்டப் பாவசங்கீர்த்தனத்திலயும் சொல்லிப் பாத்தனான். சுவாமிக்கும் விளங்கேல்ல.

கந்தோர் ஆக்கள் துள்ளினவை. "பையில நிக்கேல்ல! பந்து வலைக்கு வெளியால வந்தது! சேராது!" எண்டு. விசில்கார மாஸ்ரர் மன்னார் ஆள், நீதியான மனிசன். அவருக்கும் காத்தும் மண்ணும் கண்ணில அடிச்சு வடிவாத் தெரியேல்ல. கயிறு விட்டிருந்தால் அது போட்டவன்ர பிழையில்ல, உள்ளால வந்த பந்து சேரும் எண்டு சொல்லிக்கொண்டு என்னட்ட வந்தார்.

"தங்கச்சி, கயிறு பிடிச்சிருந்தனீரோ?"

எல்லாரும் பாக்கினம். பிடிச்சிருந்தனான் எண்டால் மூடின பைக்குள்ளால பந்து வந்திருக்க ஏலாது, வெளியால வந்ததுதான், சேராது. கூட்டம் கலையும், இவர் வீட்டில இருப்பார். ஒரு சொல்லு. நான் அவரைப் பாத்தன். அவர் என்னைப் பாத்தார். முகம் முழுக்க வேர்வை, கண்ணை எடுக்காமல் பாத்தார். சரி, தான் போட்ட பந்து சேர வேணும் எண்டு கேக்கிறார் எண்டு நினைச்சன்.

"இல்ல ஐயா, பிடிக்கேல்ல. பந்து உள்ளாலதான் வந்தது" எண்டன்.

வெண்டிட்டினம். முதலாளி தொப்பியைக் கழட்டி மேல எறிய, அது காத்தோட கடலுக்குப் போயிட்டுது.

வீட்ட வந்து நான் சோறு போட்டன். அவர் பிசைஞ்சுகொண்டே இருந்தார், வாயில வைக்கேல்ல.

"இஞ்சேரும், ஏன் அப்பிடிச் சொன்னனீர்?"

"நீங்கள் போட்டது விழுந்ததெல்லோ."

"பிடிச்சிருந்தனான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம். நான் அதுக்குத்தானே உம்மை அப்பிடிப் பாத்தனான்."

நான் அகப்பையைக் கீழ வச்சன். "அப்ப ஏனப்பா அந்தப் பந்தைப் போட்டனீங்கள்?"

"கையில வந்த பந்தைப் போடாமல் என்ன செய்யிறது?" எண்டார்.

ரெண்டு பேரும் சிரிச்சம். வேற என்ன செய்யிறது? அவர் முதலாளிக்குக் குடுத்த சொல்லு, அவர் இல்லாட்டி நாலு பேர்தான். அடுத்த கிழமை முதலாளியோட அஞ்சு பேரும் தலைமன்னாரில கப்பலேறிட்டினம். நான் துறைமுகத்துக்குப் போகேல்ல. பேசாலை ஸ்ரேசனில நிண்டு றெயில் போறதைப் பாத்திட்டு, நடந்து வந்து, ஒரு சிரட்டை அரிசி போட்டன்.

அக்கரையில இருந்தும் வலை வரும். கப்பல் கொண்டுவந்து றெயிலுக்குக் குடுக்கும். ஆனால் பத்து நாளுக்கு வந்தது இப்ப மாசத்துக்கு ஒண்டு. நான் விரலால தடவித் தடவிப் பாப்பன். மூண்டாம் மாசம் ஒரு புதினம் கண்டன். கிழிசலே இல்லாத இடத்தில முடிச்சு! நல்லா இருக்கிற கண்ணில சும்மா ஒரு இடக்கை முடிச்சு, வால் நீட்டு. அடுத்த வலையில அஞ்சு. அதுக்கடுத்ததில எண்ணி முடியேல்ல. எனக்கு விளங்கிட்டுது. நானும் சும்மா விடுவனோ? ஒவ்வொரு முறையும் அடியில ரெண்டு வரி கூடப் பின்னி அனுப்பினன். என்ர முடிச்சு, ஒட்ட அறுத்தது. அவர் தொட்டுப் பாப்பார் எண்டு தெரியும். தனிய இருந்தால் வரியும் கூடுது பாருங்கோ, நிப்பாட்ட மனம் வராது. ரெண்டு வரி எண்டு தொடங்குறது விடியேக்க அஞ்சாகும்.

கூட்டத்துக்கு என்ன நடந்தது எண்டதையும் இதிலயே சொல்லிப்போடுறன், பிறகு மறந்திடுவன். என்ர மனிசனுக்குப் பதிலா வேறொரு நெட்டையனைப் போட்டுக் கொஞ்சக் காலம் ஓட்டினவை. பிறகு வெள்ளைக்காரன்ர பெரிய சண்டைக் காலம் வந்தது. றெயிலில ஆமிக்காரர்தான், பந்து பாக்க ஆருக்கு நேரம்? அண்ணனும் தம்பியும் கரைவலைக்கு வந்திட்டினம், பாட்டுக்காரன் அக்கரையிலயே கலியாணம் கட்டிட்டான். முதலாளி மௌத்தாகி நான் செத்தவீட்டுக்குப் போகேக்க அவற்ர வீட்டுச் சுவரில அந்தச் செங்காவிப் பெனியன் ஒண்டு தொங்கினது. இண்டைக்கு அந்த அஞ்சு பேரில ஒருத்தரும் இல்ல. பின்னேரம் பள்ளிக்கூடப் பக்கம் பந்து குத்துற சத்தம் கேட்டால் நான் வேலியடியில போய் நிப்பன். அந்தப் பிள்ளையளுக்கு இது ஒண்டும் தெரியாது. தெரிஞ்ச ஆக்களோட கதைக்கலாம் எண்டால், ஆக்கள் இல்ல.

சரி, திரும்பி வாறன். அவை கப்பலேறிப் பதினொராம் மாசம் போல, ஒரு விடியக்காலமை படலையில முதலாளியின்ர சத்தம்.

"மகள்! இது பந்து வலையோ, கரைவலையோ?"

கையில இந்த வலை. இந்த வெங்காய வலை. விரிச்சுப் பிடிச்சால் அவற்ர நெஞ்சளவுக்கு வருது.

"வளையத்துக்குக் கீழ பாஞ்ச ஒருத்தன்ர தலை இதுக்குள்ள போயிட்டுது, மகள்! வெளியில எடுக்க மூண்டு பேர் வேண்டிக் கிடந்தது. அக்கரை விசில்காரன் சொல்லிப்போட்டான், இனி அடி திறந்த சின்ன வலைதானாம். தைக்கவும் ஆள் தேவையில்ல, கயிறு பிடிக்கவும் ஆள் தேவையில்ல."

நான் பயந்து போய் நிக்கிறன். வலை வராட்டி எனக்கு அவரிட்ட இருந்து வேற என்ன வரும்?

"உன்ர மனிசனும் பந்தைப் பாக்கிறதில்ல. விளையாட்டு நடக்கேக்க மேல வலையைத்தான் பாத்துக்கொண்டு நிக்கிறான். எனக்கு உப்பிடி ஆள் சரிவராது" எண்டு சொல்லிப்போட்டு, வலையைப் பின்னுக்கு நிண்ட ஆளிட்டக் குடுத்திட்டு, சிரிச்சுக்கொண்டு போயிட்டார்.

அங்க என்ர மனிசன் மெலிஞ்சு கறுத்துப் போய் நிண்டார். படலைக்குக் குனியேல்ல, அங்கயே நிண்டார். நான் படலைக்கு இஞ்சால நிண்டன். பதினொரு மாசமாக் காகத்தோட கதைச்சுக்கொண்டு நிண்ட அதே இடம். அவர் வலையைத் தூக்கிப் படலைக்கு மேலால போட்டார். அதின்ர கயிறு மட்டும் எட்டி என்ர கையில வந்து விழுந்தது. பிறகு அந்த விசில்கார மாஸ்ரர் மாதிரிக் குரலை மாத்திக்கொண்டு கேட்டார்.

"தங்கச்சி, கயிறு பிடிச்சிருந்தனீரோ?"

"ஓம் ஐயா" எண்டன். "பிடிச்சிருக்கிறன்."